சாம்பல் பருந்தின் மூக்கை உடைத்தவள்

நாங்கள் அவளை மையக்கா என்றுதான் கூப்பிடுவோம். படக்கதைப் பிரிவில் இருந்த பதினொரு வருஷமும் அவள் விரல்களில் இருந்த கறுப்பு மை முழுசாகப் போய் நான் பார்த்ததில்லை. சாப்பாட்டைக்கூடக் கரண்டியால்தான் எடுப்பாள். அதே கம்பெனியில் வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படித்துப் பதில் போடுவது என் வேலை. என்னை அவள் 'தபாலு' என்பாள். ஒரே ஒரு ஆளைப் பழிவாங்க அவளுக்கு முப்பத்தைந்து வருஷம் பிடித்தது. பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை அவளே சொன்னாள்.

அந்த ஆள் அவள் புருஷன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் என்பதால் எல்லாரும் அவரைப் போர்டுக்காரர் என்பார்கள். கல்யாணம் ஆன புதிதில், ஊரில் காகித வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒருவர் கிடங்கில் மீந்துபோகும் தாளை வீணாக்காமல் ஏதாவது அச்சடிக்கலாமே என்று யோசித்தார். முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு படக்கதைப் புத்தகம். "முகமூடி போட்ட ஒரு ஆளை வரைஞ்சு குடு, சண்டை இருக்கணும், அவ்வளவுதான்" என்று போர்டுக்காரரிடம் சொன்னார்.

அப்படிப் பிறந்தவன்தான் சாம்பல் பருந்து. போர்டுக்காரர் வீட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன் முகத்தையே அவனுக்குக் கொடுத்தார். நேரான மூக்கு, வெட்டிவைத்த மாதிரி முகவாய், நெற்றியில் ஒரு சுருள் முடி. முகமூடி கண்ணை மட்டும்தான் மறைக்கும், மற்ற அழகெல்லாம் வெளியே தெரிய வேண்டும் என்பதில் அவர் கவனமாக இருந்தார். மேலங்கி மட்டும் அக்காவின் வேலை. பழைய மழைக்கோட்டு ஒன்றைப் பிரித்து, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிகிறபடி தைத்து, அவருக்குப் போட்டுவிட்டுப் பார்த்தாள். அதைப் பார்த்துத்தான் அவர் வரைந்தார்.

அவர் பென்சிலில் வரைவார். அதன்மேல் பிரஷ்ஷால் மை போடுவது அவள் பொறுப்பு. அவருக்குப் பொறுமை கிடையாது, அவளுக்குக் கை நடுங்காது. நாலு வருஷம் இப்படி ஓடியது. அந்தக் காலத்துப் பருந்து கனவான். எதிரியிடம்கூட "தீயவனே, உன் ஆட்டம் முடிந்தது. சரணடைந்துவிடு" என்று இலக்கணம் பிசகாமல் பேசுவான். தானாக முதலில் கை ஓங்க மாட்டான். ஓங்கினால் ஒரே அடி. அங்கி கசங்காது, தலை கலையாது.

நாலாவது வருஷம் ஒருநாள் காலையில் போர்டுக்காரர் புது இதழின் பென்சில் பக்கங்களை அவள் மேஜையில் வைத்தார். அதில் புதிதாக ஒரு வில்லி. பெயர் தேள்வாய். அவள் வாயைத் திறந்தால் ஊரே காதைப் பொத்திக்கொண்டு ஓடும். முன்பல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது. கன்னத்தில் மச்சம். முந்தானையை இடுப்பில் செருகியிருந்த விதம்கூட அச்சு அசல்.

"என்னங்க, இது யாரு?"

"புது வில்லி."

"இது என் பல்லு மாதிரி இருக்கே."

"அட, சும்மா ஒரு தமாஷ். உன்னை யாருக்குத் தெரியப்போகுது? சீக்கிரம் மை போடு, நாளைக்கு அச்சுக்குப் போகணும்."

அவள் போட்டாள். முப்பத்திரண்டு பக்கமும். கடைசிக் கட்டத்தில் பருந்து தேள்வாயின் உதட்டில் ஒரு பூட்டைப் போட்டுப் பூட்டுகிறான், சுற்றி நிற்கிற ஜனம் கைதட்டுகிறது. அந்தப் பூட்டுக்கும் சாவித்துவாரத்துக்கும் அவள்தான் மை போட்டாள். "எந்த இடத்துல கோடு தடிக்கணும், எந்த இடத்துல மெலியணும்னு யோசிச்சு யோசிச்சுப் போட்டேன் தபாலு. வேலையில குறை வைக்க மனசு வரல" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

புத்தகம் வெளியான வாரமே தெருவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போனால் "தேள்வாய் வருது" என்று பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடின. மளிகைக் கடைக்காரர் பூட்டுச்சாவியை ஆட்டிக் காட்டிச் சிரித்தார். அவளுடைய அப்பா அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். பிறகு அந்த வீட்டுப் படி ஏறவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், பக்கங்களை அச்சகத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பினால் வீடு பாதி காலியாக இருந்தது. வரைகிற மேஜை இல்லை, அவர் துணிமணி இல்லை. அவள் கையால் பழக்கி வைத்திருந்த பிரஷ்கள்கூட இல்லை. பெரிய நகரத்தில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு பார்த்ததும் கடிதம் போடுகிறேன் என்று ஒரு சீட்டு மட்டும் இருந்தது. நாலு மாதமாகியும் கடிதம் வரவில்லை. அவருடைய தங்கச்சிதான் ஒருநாள் வந்து தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணி, அண்ணனுக்கு அங்க வேற ஒரு குடும்பம் ஆயிடுச்சு. மனசைத் தேத்திக்கோங்க."

"வேற என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஆபீஸ்ல தன் நாற்காலிக்குப் பின்னால பருந்து படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்காரு. வர்றவங்க கிட்டயெல்லாம், 'பாத்தீங்களா, நான்தான் அது'ன்னு சொல்றாரு."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அக்கா பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் காகிதக்காரருக்கு உடம்பு முடியாமல்போய்க் கடையை மூடினார். பருந்து அவருக்குத்தான் சொந்தம், போர்டுக்காரர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதை அவர் எங்கள் கம்பெனிக்கு விற்றார். நாங்கள் பாடப்புத்தகம் அச்சடிக்கிறவர்கள். படக்கதைக்கு எங்களிடம் ஆள் கிடையாது. பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர்கள் ஏழெட்டுப் பேரை வரைந்து காட்டச் சொன்னார் மேனேஜர். எல்லாரும் வரைந்த பருந்து கோழி மாதிரி இருந்தது. அப்போதுதான் ஒரு துணிப்பையோடு அக்கா உள்ளே வந்தாள்.

"இந்த மூக்கை நான் கண்ணை மூடிக்கிட்டே வரைவேன் சார்" என்றாள். வரைந்தும் காட்டினாள். அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்கள். அவள் யார் வீட்டுப் பெண் என்று மேனேஜர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

முதல் நாலு இதழ் அப்பழுக்கில்லாமல் வரைந்தாள். பழைய வாசகர்களுக்கு ஆள் மாறியதே தெரியவில்லை. ஐந்தாவது இதழில் ஒரு சாதாரண ரவுடி, வில்லன்கூட இல்லை, சைக்கிள் பம்பை எடுத்துப் பருந்தின் மூக்கில் ஒன்று போட்டான். மூக்கு வலது பக்கமாகக் கோணிக்கொண்டது.

மேனேஜர் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த இதழ்ல சரியாயிடும்ல?" என்று கேட்டார்.

"மூக்கு எலும்பு உடைஞ்சா அப்படியேதான் சார் இருக்கும்."

அப்படியேதான் இருந்தது. ஒன்பதாவது இதழில் ஒரு பல் போனது. பன்னிரண்டில் சுருள் முடி இருந்த இடம் காலியாகி நெற்றி மேலே ஏறியது. பதினைந்தில் மாடியிலிருந்து குதிக்கும்போது காலை முறித்துக்கொண்டான், அன்றிலிருந்து இடது கால் நொண்டல். தொப்பை எந்த இதழில் ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அவ்வளவு மெதுவாக வளர்த்தாள். அவன் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி அவன் துணிமூட்டையைத் தெருவில் எறிந்தாள். நாயைக் கண்டால் சந்து மாறிப் போனான். பேச்சும் மாறியது. "தீயவனே" எல்லாம் போய், "கொஞ்சம் இருப்பா, மூச்சு வாங்குது" என்று திருடனிடமே சொல்கிற நிலைமைக்கு வந்தான்.

ஒவ்வொரு இதழ் வெளிவந்ததும் அவள் ஒரு பிரதியை என்னிடம் கொண்டுவந்து வைப்பாள். "தபாலு, ரிஜிஸ்டர்ல அனுப்பு. வாங்கினதுக்குக் கையெழுத்து அட்டை வேணும்." விலாசம், பெரிய நகரத்து விளம்பரக் கம்பெனி. பெயர் போர்டுக்காரருடையது. யார் இது என்று நான் மூன்றாவது தடவை கேட்டபோதுதான் அவள் முழுக் கதையையும் சொன்னாள். அதற்குப் பிறகு நான் அந்த உறையை இன்னும் நன்றாக ஒட்டி அனுப்பினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒவ்வொரு அட்டையும் அவர் கையெழுத்தோடு திரும்பி வந்தது. வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் தன் முகத்துக்கு இந்தத் தடவை என்ன ஆனது என்று பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? அட்டைகளை அவள் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். "முன்னெல்லாம் பெயருக்குக் கீழ ஒரு கோடு இழுப்பாரு. இப்ப இழுக்கறதில்ல பாத்தியா" என்று ஒருநாள் இரண்டு அட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவள் அவ்வளவு நிதானமாகச் சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இருபத்து மூன்றாவது இதழ் வந்த வாரம், காலை பதினொரு மணிக்கு, வாசல் காவல்காரர் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார்.

"பருந்து வந்திருக்கு."

எட்டிப் பார்த்தோம். பளபளக்கும் ஷூவும் கோட்டுமாகப் போர்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். மூக்கு மட்டும்தான் நேராக இருந்தது. நெற்றி ஏறியிருந்தது, தொப்பை வந்திருந்தது. அக்கா அவரைப் பார்க்காமலே, வருகிற வருஷங்களைக் கணக்குப் போட்டு வரைந்து வைத்திருந்தாள். அச்சுக் கோப்பவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அவர் நேரே அக்காவின் மேஜைக்கு வந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. பிரஷ்ஷைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்ன பண்ணிக்கிட்டிருக்க நீ?"

"மை போட்டுக்கிட்டிருக்கேங்க."

"ஆபீஸ்ல பியூன்கூட என்னைப் பார்த்து நொண்டிக் காட்டறான். என் முகம் அது. நிறுத்து."

"அட, சும்மா ஒரு தமாஷ்" என்றாள். "உங்களை யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் முகம் சிவந்துபோய் மேனேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. தன் முகத்தை அசிங்கப்படுத்துகிறார்கள், கோர்ட்டுக்குப் போவேன் என்றார். மேனேஜர் அவரையும் மேஜைமேல் இருந்த இதழையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதான், ரொம்பப் பொருத்தமா இருக்கு. ஆனா அந்த முகத்தைத்தான் காகிதக்காரருக்கு எழுதிக் குடுத்துட்டீங்களே. அவர் எங்களுக்குக் குடுத்துட்டார். இப்ப உங்க கிட்ட இருக்கறது வெறும் ஜாடைதான் சார்."

அன்றைக்கு மத்தியானம் அக்கா எங்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஆனால் அவள் எதிர்பார்க்காத ஒன்று என் மேஜையில் குவிந்துகொண்டிருந்தது. கடிதங்கள். முன்பு மாதத்துக்கு நாற்பது வந்தால் அதிகம். மூக்கு உடைந்த பிறகு இருநூறு, கால் முறிந்த பிறகு ஐந்நூறு. ஒரு தபால்காரர் எழுதியிருந்தார்: 'எனக்கும் இடது கால்தான். பருந்து படியேறும்போது கைப்பிடியைப் பிடிக்கிற மாதிரிதான் நானும் பிடிப்பேன். அவர் மேலே போய்ச் சேர்ந்ததைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.' பல்செட் கட்டிக்கொண்டவர்கள் எழுதினார்கள், வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்பட்டவர்கள் எழுதினார்கள். கனவானாக இருந்தபோது வேடிக்கை பார்த்த ஜனங்கள், அடிபட்டவனைத் தங்கள் வீட்டு ஆளாகவே எடுத்துக்கொண்டார்கள்.

நான் ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்துப்போய் அவளிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

"போதும், நிறுத்து. இவனை எல்லாரும் காறித் துப்பணும்னு நான் உயிரைக் குடுத்து வரையறேன். இதுங்க கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதுங்க."

"நீ நல்லா வரைஞ்சுட்டக்கா. அதான் தப்பு."

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. அடிபடுகிறவனை ஜனங்களுக்குப் பிடித்துப்போகிறது என்றால் அடித்துப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு சில வருஷம் பருந்துக்குப் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். கதை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும் கதையையும் தானே எழுதிக்கொள்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அறுபத்தொன்றாவது இதழில் தன் கையில் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தாள்.

அந்த இதழில் வில்லன் இல்லை, சண்டை இல்லை. பருந்துக்கு ஒரு மனைவி இருப்பது அப்போதுதான் வாசகர்களுக்கே தெரிகிறது. அவளுக்குக் கடும் காய்ச்சல். கதவை யாரோ இடிக்கிறார்கள். பருந்து அங்கியை மாட்டிக்கொள்கிறான். கதவைத் திறக்கப்போகிறான் என்று நாம் நினைக்கும்போது பின்பக்க ஜன்னல் வழியே குதித்து ஓடிவிடுகிறான். மீதி இருபது பக்கமும் அந்தப் பெண் காத்திருப்பதுதான் கதை. காய்ச்சல் இறங்குகிறது, பால்காரர் வந்து போகிறார், சுவரில் வெயில் நகர்கிறது, அவன் வரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை அக்கா ஒரு கட்டத்தில்கூடக் காட்டவில்லை. முதுகும் கைகளும்தான்.

ஒரே வாரத்தில் தொள்ளாயிரம் கடிதம் வந்தது. ஒருவர் புத்தகத்தை எரித்துச் சாம்பலை உறையில் போட்டு அனுப்பியிருந்தார், என் மேஜையெல்லாம் கொட்டியது. இதைத்தான் அக்கா கேட்டாள். ஒவ்வொரு வசவையும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "திரும்பி வர்ற மாதிரி ஒரு கதை எழுதும்மா. மன்னிப்புக் கேக்கட்டும், அந்த அம்மாவும் மன்னிக்கட்டும். எல்லாம் சரியாப் போயிடும்."

"மன்னிக்க மாட்டா சார்."

"கதைதானேம்மா."

"கதையிலயும் மாட்டா."

இன்னும் ஐந்து இதழ் பருந்து ஊர் ஊராக ஓடினான். விற்பனை படுத்துவிட்டது. அறுபத்தாறோடு கம்பெனி படக்கதைப் பிரிவையே மூடியது. அக்காவைப் பாடப்புத்தகப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே இருபது வருஷம் தவளையின் குடல், இதயத்தின் நாலு அறைகள், கப்பியில் தொங்கும் எடை என்று வரைந்து ஓய்வுபெற்றாள். புத்தகங்களில் எங்கேயும் அவள் பெயர் கிடையாது. எங்கள் கம்பெனியில் வரைகிறவர் பெயரைப் போடும் வழக்கமே இருக்கவில்லை.

ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆனபோது ஒரு புதிய பதிப்பகம் பருந்தை வாங்கியது. பளபளப்பான தாள், கம்ப்யூட்டர் வண்ணம். புதுப் பருந்துக்கு வயிற்றில் ஆறு கட்டுத் தசை, கண்ணிலிருந்து ஒளி பாயும், விமானத்துக்குப் பக்கத்தில் பறக்கிறான், வாயைத் திறந்து பேசுவதேயில்லை. மூக்கு மறுபடி நேராகிவிட்டது. கூடவே, பழைய அறுபத்தாறு இதழ்களையும் கெட்டி அட்டை போட்டுத் தொகுப்பாகக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். பழைய வாசகர்கள் அதைத்தான் கேட்டார்கள். தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண் அதற்குப் பொறுப்பாசிரியர். எப்படியோ விலாசம் விசாரித்து அக்காவின் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா, நீங்க அந்தப் பிரிவுல வேலை பார்த்தீங்களாமே. அந்த அறுபத்தாறையும் வரைஞ்சது யாரு? முதல் பருந்தை உருவாக்கினவர்தானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "அவர்தாம்மா" என்றாள். "வேணும்னா அவரையே கேட்டுக்கோங்க. அவர் தங்கச்சி கிட்ட விலாசம் கிடைக்கும்."

அந்தப் பெண் போனதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஏன்கா? உன் பதினொரு வருஷத்தைத் தூக்கி அந்த ஆளுக்கே குடுக்கறியா?"

"குடுக்கறேன். வேணாம்னு சொல்றாரான்னு பாப்போம். சரின்னு சொன்னாருன்னா, அந்த உடைஞ்ச மூக்கு, நொண்டிக் கால், ஜன்னல் வழியா ஓடினது எல்லாத்துக்கும் கீழ அவர் பேரு இருக்கும். பதில் சொல்லட்டும்."

அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. அறுபத்தாறு இதழும் நானேதான் என்று சொல்லிப் பேட்டி கொடுத்தார், அட்டையில் அவர் படத்தைப் போட்டார்கள்.

தொகுப்பு வெளியீட்டு விழா ஒரு பெரிய அரங்கில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். சுற்றிலும் நரைத்த தலைகள். ஒவ்வொருவர் மடியிலும் ஓரம் கிழிந்த பழைய இதழ்கள். மேடையில் போர்டுக்காரர், பொறுப்பாசிரியர் பக்கத்தில். கைத்தடி, வெள்ளைத் தாடி. கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, எங்கள் பக்கம் பார்த்தும் அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை.

பொறுப்பாசிரியர் முதலில் கேட்டதே அறுபத்தொன்றைப் பற்றித்தான். "உங்க நாயகனையே ஓடிப்போனவனா காட்ட எப்படி மனசு வந்தது சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது கதை இல்லம்மா, என் வாழ்க்கை" என்றார். "என் மனைவியை நான் விட்டுட்டுப் போனேன். அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் என் முகத்தை நானே உடைச்சேன், என் காலை நானே ஒடிச்சேன்."

அரங்கமே கைதட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். மடியில் இருந்த விழா அழைப்பிதழை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள். அவமானத்தை அவர் தலையில் கட்டலாம் என்று நினைத்தாள். அவரோ அதையே மாலையாகப் போட்டுக்கொண்டார். எழுந்து போய்விடலாமா என்று நான் கிசுகிசுத்தபோது, பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினார்.

"சார், அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்க?"

போர்டுக்காரர் கைக்குட்டையை எடுத்தார். "இப்ப இல்லம்மா. தவறிட்டாங்க. ரொம்ப வருஷம் ஆச்சு."

அக்கா எழுந்து நின்றாள். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"எப்பங்க தவறினேன்?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். குரலை அடையாளம் தெரிந்துகொண்டார் என்பது கைக்குட்டை பாதி வழியில் நின்றதிலேயே தெரிந்தது.

"சொல்லுங்க. பேட்டியில எல்லாம் தேதியோட சொல்றீங்களே, இதுக்கும் ஒரு தேதி சொல்லுங்க."

பொறுப்பாசிரியர் குழம்பிப்போய், "அம்மா, நீங்க..." என்றார்.

"நான் இவர் பொண்டாட்டி. இன்னிக்கு வரைக்கும். நீங்க என் வீட்டுக்கு வந்தப்ப இந்தப் படத்தை எல்லாம் வரைஞ்சது அவர்தான்னு சொன்னவளும் நான்தான். அது பொய். அவரால இதுல ஒரு பக்கம்கூட வரைய முடியாது."

போர்டுக்காரர் குரலை உயர்த்தினார். "யாரோ என்னவோ உளறாங்க. வெளியில அனுப்புங்க."

அப்போது ஓரத்து இருக்கையில் இருந்த ஒரு வயசானவர், இருக்கையின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். பல வருஷத்துக்கு முன்னால் கடிதம் எழுதிய அதே தபால்காரர் அவர்தான் என்பது விழா முடிந்து பேசும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. "ஒரே ஒரு கேள்வி சார்" என்றார் மரியாதையாக. "பருந்துக்கு எந்தக் கால் நொண்டும்?"

போர்டுக்காரர் ஒரு கணம் யோசித்தார். ரிஜிஸ்டரில் வந்த அத்தனை இதழையும் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பார்த்தவர்தான். ஆனால் பார்த்தது வேறு, ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் காலை இழுத்து இழுத்து வரைந்தது வேறு.

"வலது" என்றார்.

"இடது" என்று அரங்கமே சொன்னது. யாரும் கத்தவில்லை. பிள்ளைகள் வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது மாதிரி, சாதாரணமாக, ஒரே குரலில் சொன்னார்கள்.

போர்டுக்காரர் கைத்தடியைத் தேடினார். பக்கவாட்டுக் கதவு வழியாக யாரோ அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். அவர் போகிற வரைக்கும் அக்கா உட்காரவில்லை. தலை திருப்பாமல், கண்ணை இமைக்காமல், கதவு சாத்துகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் கூட்டம் அவளைச் சூழ்ந்தது. ஒவ்வொருவரும் கையெழுத்துக்காக இதழை நீட்டினார்கள். அறுபத்தொன்றை நீட்டியவர்களில் ஆண்கள் தலை நிமிராமல் நீட்டினார்கள்.

பொறுப்பாசிரியர் அவளை ஓரமாகக் கூட்டிப்போய், "ஏம்மா எங்க கிட்டப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

"அவர் 'நான் வரையல'ன்னு சொல்லுவாரான்னு பாத்தேன்."

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா நான் இன்னிக்கு வீட்லயே இருந்திருப்பேன்."

அச்சான தொகுப்புகளில் அவர் பெயர்மேல் ஒரு சீட்டு ஒட்டி அவள் பெயரைப் போட்டார்கள். அடுத்த பதிப்பில் முறையாகவே அச்சடித்தார்கள். புதுப் பருந்துக்கும் மூக்கைக் கோணலாக்கி, ஒரு பிரதியை அவளுக்கு அனுப்பிவைத்தார்கள். பார்த்துவிட்டு, "கோணல் பக்கம் மாறிப்போச்சு" என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டாள். ஆலோசகராக வரச் சொன்னார்கள், போகவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து அவருடைய தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணி, அண்ணனுக்குக் கை கால் விழுந்துடுச்சு. அந்தக் குடும்பத்துல யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போங்க. அதுபோதும்கறாரு."

"வரமாட்டேம்மா."

"இன்னும் என்ன அண்ணி? அதான் எல்லார் முன்னாலயும் பண்ணிட்டீங்களே."

"உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ எப்ப வேணும்னாலும் இங்க வா, சாப்பிட்டுப் போ. அவருக்காகக் கேக்காத."

மூன்று வாரம் கழித்து அவர் இறந்துபோனார். சேதி காலை எட்டு மணிக்கு வந்தது. நான் உடனே கிளம்பி அவள் வீட்டுக்குப் போனேன், அழுவாளோ என்று ஒரு பயம். அவள் குளித்து, தலை வாரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"போறியாக்கா?" என்றேன்.

"கண்ணாடிக் கடைக்கு. இன்னிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. நீயும் வர்றியா?"

நடந்தே போனோம். கடையில் அவளை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். மேல் நாலு வரியைப் படித்தாள், ஐந்தாவது தெரியவில்லை. லென்ஸை மாற்றினார்கள், ஐந்தாவதும் தெரிந்தது, ஆறாவதில் பாதி தெரிந்தது. பவர் கூடியிருக்கிறது என்றார் கடைக்காரர். பிரேம் தேர்ந்தெடுக்கத்தான் நேரமாகியது. ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் ஒரு பச்சை பிரேமை எடுத்து, "இது எனக்கு எடுப்பா இருக்கா தபாலு, சும்மா சொல்லாத" என்று கேட்டாள். எடுப்பாகத்தான் இருந்தது. சொன்னேன்.